கார்லைல் மாணவர்களின் காற்பந்துப் பருவம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தின் ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே மரபு. வள்ளுவரும் இளங்கோவும் கம்பரும் ஆண்டுதோறும் இம்மேடைக்கு வந்து போகின்றனர். இவ்வாண்டு அவர்களுக்குச் சற்றே ஓய்வளித்துவிட்டு, விளையாட்டைப் பற்றிப் பேச விழைகின்றோம். காலனிப் பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டமும் கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடும் பந்தயமும் நடத்திப் பரிசு வழங்குகின்ற நாளில், விளையாட்டைப் பற்றிப் பேசுவது பொருந்தாது என்று எவரும் சொல்லார்.

1911 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29 ஆம் நாள், கல்கத்தாவில், மோகன் பகான் குழுவினர் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவினரை 2-1 என்னும் கோல் கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைக்கொண்டனர். ஒருவர் தவிர ஏனையோர் அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். ஆளப்பட்டவர், ஆள்வோரின் படைவீரரை ஆடுகளத்தில் வென்ற அச்செய்தி நம் நாட்டில் பலரும் அறிந்ததே. அதற்கு அடுத்த ஆண்டு, உலகின் மறுகோடியில், அதனோடு ஒருவாறு ஒப்புநோக்கத் தக்க நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள கார்லைல் என்னும் ஊரின் மாணவர் குழு, 1912 ஆம் ஆண்டில் ஆடிய காற்பந்துப் பருவமே அது. நம் நாட்டில் அதிகம் பேசப்படாத அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் அப்பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தொல்குடி மக்களை நம் பழைய பாடநூல்கள் செவ்விந்தியர் என்று குறித்தன. அம்மக்களின் நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைப்பற்றப்பட்ட பிறகு, அவர்களுடைய பிள்ளைகளை என்ன செய்வது என்னும் வினா எழுந்தது. ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்னும் படை அதிகாரி அதற்கு ஒரு விடை கண்டார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளியில் வைத்து, வெள்ளையரைப் போலவே வளர்த்துவிட்டால், ஒரே தலைமுறையில் பழங்குடி என்பதே இல்லாமற் போய்விடும் என்பது அவர் எண்ணம். அவர்களுள் இருக்கும் பழங்குடியைக் கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்னும் கருத்தை அவர் 1892 ஆம் ஆண்டில் ஓர் அவையிலேயே வெளிப்படையாகக் கூறினார். அத்தகைய எண்ணத்தோடு, கைவிடப்பட்ட ஒரு படைக் குடியிருப்பில், 1879 ஆம் ஆண்டு அவர் தொடங்கியதே கார்லைல் தொழிற்பள்ளி.

அங்கு வந்திறங்கிய பிள்ளைகளுக்கு முதலில் நடந்தது முடி வெட்டுதல். அம்மக்களுள் பல குலத்தார்க்கு நீண்ட கூந்தல் பெருமையின் அடையாளம். துக்கக் காலத்தில்தான் அதனை வெட்டுவர். எனவே பிள்ளைகள் தம் வீட்டில் எவரோ இறந்துவிட்டனர் என்றே அஞ்சினர். அடுத்து, உடை மாறியது. அதற்கும் அடுத்து, பெயர் மாறியது. முதல் ஆண்டிலேயே அங்குச் சேர்ந்த லக்கோட்டாக் குலச் சிறுவர் ஒருவர், பிற்காலத்தில் லூதர் ஸ்டாண்டிங் பேர் என்னும் பெயரோடு நூல்கள் எழுதினார். கரும்பலகையில் புரியாத எழுத்துகளில் சில பெயர்கள் எழுதப்பட்டிருந்தன என்றும், கையில் கோலைக் கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னார்கள் என்றும், தாம் தொட்ட கோடுகளே அன்றுமுதல் தம் பெயராயின என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

இறுதியாக மாறியது மொழி. தாய்மொழியில் பேசுவது அங்குக் குற்றம். உறங்கும் அறையில் தம்முள் பேசிக்கொள்ளினும் தண்டனை உண்டு. கோடை விடுமுறையிலும் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பாமல், வெள்ளையர் பண்ணைகளில் வேலைக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. வீட்டுக்குப் போனால் மொழி மீண்டும் நாவில் ஏறிவிடும் அன்றோ? 1879 முதல் 1918 வரை, 140-க்கு மேற்பட்ட குலங்களைச் சேர்ந்த 7,800-க்கு மேற்பட்ட பிள்ளைகள் அப்பள்ளியில் இருந்தனர். அவர்களுள் நோயுற்றுத் திரும்பாமலே போனவர் பலர். 180-க்கு மேற்பட்ட கல்லறைகள் அவ்வளாகத்தில் இருந்தன.

நிற்க. இத்தகைய இடத்தில் காற்பந்து எங்ஙனம் வந்தது?

நாம் இங்குச் சொல்லும் காற்பந்து, நம் பிள்ளைகள் காலனித் திடலில் ஆடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது அமெரிக்கக் காற்பந்து. ஓடுபவனைத் தடுக்க அவன்மேல் பாய்ந்து வீழ்த்தலாம். அக்காலத்தில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற பெரும் பல்கலைக்கழகங்களே அதில் முதன்மை பெற்றிருந்தன. செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளின் ஆண்மைக்கு அதுவே உரைகல் என்று கருதப்பட்டது. எலும்பு முறிவதும் உயிர் போவதும் உண்டு. 1905 ஆம் ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர் உயிரிழந்தமையால், குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டே பல்கலைக்கழகத்தாரை அழைத்து ஆட்டத்தைத் திருத்தச் சொன்னார். அதன் பின்னர், பந்தை முன்னோக்கி எறிதல் 1906 இல் விதியாயிற்று. 1912 இல் எல்லைக்கோட்டைக் கடப்பதற்குரிய புள்ளி ஐந்திலிருந்து ஆறாக உயர்ந்தது; பத்துக் கஜம் முன்னேறுவதற்கு மூன்று வாய்ப்புக்குப் பதில் நான்கு வாய்ப்பு என்றாயிற்று. இவ்விரண்டு திருத்தங்களும் வலிமையை மட்டும் நம்பியவர்க்கன்றி, விரைவையும் அறிவையும் நம்பியவர்க்கே பெரிதும் துணை செய்தன.

கார்லைலில் தொடக்கத்தில் மாணவர் ஒருவரின் கால் முறிந்ததனால் பிராட் இவ்வாட்டத்தைத் தடை செய்திருந்தார். மாணவர்கள் கூடிச் சென்று, மீண்டும் ஆட இசைவு தருமாறு வேண்டினர். பிராட் இரண்டு நிபந்தனைகளுடன் இசைந்தார். எதிரி அடித்தாலும் திருப்பி அடித்தலாகாது என்பது ஒன்று. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகப் பெரிய குழுவை வென்று காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. பெயரும் உடையும் மொழியும் மேலிருந்து சுமத்தப்பட்டவை; காற்பந்து ஒன்றே அம்மாணவர்கள் தாமே விரும்பிக் கேட்டுப் பெற்றது. இதனை நாம் மறத்தலாகாது.

அவர்களிடம் பெரிய உடல் இல்லை. பெரிய தொகையும் இல்லை. ஆயிரக்கணக்கான இளைஞரிலிருந்து ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகங்களை, ஒரு தொழிற்பள்ளியின் மாணவர்கள் எதிர்கொண்டனர். எனவே அவர்கள் விரைவையும் சூழ்ச்சியையும் வளர்த்துக்கொண்டனர். கிளென் வார்னர் என்னும் பயிற்சியாளர் 1899 இல் அங்கு வந்து இடையில் விலகி, 1907 இல் மீண்டும் வந்தார். 1903 இல் ஹார்வர்டுக்கு எதிரான ஆட்டத்தில், பந்தை ஒருவர் சட்டையின் முதுகுப்புறத்தில் செருகிவிட்டு, அனைவரும் பந்து தம்மிடமே இருப்பதுபோல் கையை மடக்கிக்கொண்டு பல திசைகளில் ஓடினர். ஹார்வர்டு வீரர்கள் பந்தைத் தேடிக்கொண்டிருக்க, முதுகில் பந்துடன் ஒருவர் களத்தின் மறுகோடியை அடைந்துவிட்டார். அரங்கமே சிரித்தது. அவ்வாட்டத்தில் 12-11 என ஹார்வர்டே வென்றபோதிலும், ஊர் பேசியது கார்லைலையே. 1907 இல், பந்தை எறியும் புதிய விதியை எவரினும் நன்றாகக் கையாண்டு, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தை 26-6 எனத் தோற்கடித்தனர். 1911 இல் ஹார்வர்டை அதன் சொந்தக் களத்திலேயே 18-15 என வென்றனர்.

அந்த ஹார்வர்டு ஆட்டத்தில் நான்கு முறை பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துப் புள்ளி சேர்த்தவர் ஜிம் தோர்ப். சாக்-ஃபாக்ஸ் குலத்தவர்; இன்றைய ஓக்லகோமாப் பகுதியில் பிறந்தவர். வா-தோ-ஹக் என்பது அவருடைய குலப்பெயர். ஒளிபெற்ற பாதை என்பது அதன் பொருள். இளமையிலேயே உடன்பிறந்த இரட்டையரை இழந்தார், தாயை இழந்தார், கார்லைலில் சேர்ந்த சிறிது காலத்தில் தந்தையையும் இழந்தார். 1907 இல், வேலைக்குரிய உடையோடு மைதானத்தின் வழியே சென்றுகொண்டிருந்தவர், உயரம் தாண்டும் மாணவர்கள் தாண்ட இயலாமல் விட்ட கம்பத்தைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டுப் போனாராம். அதன் பிறகே பள்ளி அவரை விளையாட்டு வீரராகக் கண்டது என்பர்.

1912 ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்வீடன் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. கார்லைல் மாணவர் இருவர் அமெரிக்கக் குழுவில் இடம்பெற்றனர். தோர்ப், ஐவகைப் போட்டியிலும் பத்துவகைப் போட்டியிலும் தங்கம் வென்றார். ஹோப்பிக் குலத்தவரான லூயிஸ் டெவானிமா, 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். டெவானிமா கார்லைலுக்குப் படிக்க விரும்பி வந்தவர் அல்லர். தம் குலப் பிள்ளைகளை அரசின் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஹோப்பி மக்கள் சிலரைக் கைது செய்து, 1907 இல் கார்லைலுக்குக் கொண்டு வந்தபோது அவர்களுள் ஒருவராக வந்தவர். ஐந்தே ஆண்டுகளில், தம்மைக் கைது செய்த நாட்டுக்கே அவர் பதக்கம் பெற்றுத் தந்தார்.

அக்கோடை முடிந்ததும் காற்பந்துப் பருவம் தொடங்கியது. 1912 செப்டம்பர் 21 முதல் நவம்பர் 28 வரை, 69 நாள்களில் 14 ஆட்டங்கள். முதல் நான்கு ஆட்டங்களில் கார்லைல் 194 புள்ளிகள் பெற்றது. எதிரணிகள் நான்கும் சேர்ந்து பெற்றவை 7. அக்டோபர் 5 இல் வாஷிங்டன்-ஜெஃபர்சன் கல்லூரியுடன் ஆடிய ஆட்டம் மட்டும் இரு தரப்பும் புள்ளியின்றி முடிந்தது. அன்று தொடங்கி எஞ்சிய பத்து ஆட்டங்களும் வெளியூரிலேயே நடந்தன. இதற்குக் காரணம் உண்டு. சிற்றூராகிய கார்லைலில் பெருங்கூட்டம் சேராது. பெருநகர அரங்குகளிலேதான் வசூல் மிகுதி. ஆகவே அக்குழு ஓயாமல் இரயிலில் சென்றுகொண்டிருந்தது. சிரக்யூசை 33-0 என வென்றது. பிட்ஸ்பர்கை 45-8 என வென்றது. அக்டோபர் 26, சனிக்கிழமையன்று தலைநகர் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுனை 34-20 என வென்ற அதே குழு, திங்கட்கிழமையன்று கனடா நாட்டின் டொரான்டோவில் நின்று 49-7 என வென்றது. அடுத்த சனியன்று லீஹை பல்கலைக்கழகத்தை 34-14 என வென்றது. நம் ஊர்க் குழுக்களுக்கு இத்தகைய பயணத்துக்குப் பிறகு நிற்கவும் இயலுமோ என்பது ஐயமே.

நவம்பர் 9 ஆம் நாள் வந்தது. ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள வெஸ்ட் பாயின்ட், அமெரிக்கத் தரைப்படையின் அதிகாரிகள் பயிலும் கல்லூரி. அம்மாணவர்களுக்கும் கார்லைல் மாணவர்களுக்கும் இடையே ஆட்டம். இதன் பொருளை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தெற்கு டக்கோட்டாவில் ஊண்டட் நீ என்னுமிடத்தில், படையினர் லக்கோட்டா மக்களைப் பெண்டிர் பிள்ளைகள் என்றும் பாராமல் சுட்டுக் கொன்றது 1890 டிசம்பரில். அதற்கு 22 ஆண்டுகளே கழிந்திருந்தன. களத்தின் ஒரு பக்கம் நின்றவர்கள் அந்தப் படையின் வருங்கால அதிகாரிகள். மறுபக்கம் நின்றவர்கள் அந்தப் படையிடம் நிலமிழந்தவர்களின் பிள்ளைகள். அமெரிக்கக் குடியுரிமைகூட அந்நாளில் அம்மக்களுள் பலருக்கு இல்லை. அனைவருக்கும் அது கிடைத்தது 1924 இலேயே.

படைக் கல்லூரிக் குழுவில் டுவைட் ஐசன்ஹோவர் என்னும் 22 வயது இளைஞரும் ஆடினார். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவரும், 1953 முதல் 1961 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கியவரும் அவரே. தோர்ப்பை எவ்வாறேனும் களத்திலிருந்து வெளியேற்றிவிட வேண்டும் என்று அவரும் தோழர் ஒருவரும் முனைந்தனர். தோர்ப் வீழ்ந்தார், எழுந்தார், மீண்டும் ஓடினார். முதற் புள்ளிகளைப் பெற்றது படைக் கல்லூரியே. ஆனால் வார்னர் வகுத்த புதிய அணிவகுப்பில், பந்து எவர் கையில் இருக்கிறது, எப்பக்கம் வரும் என்று எதிரணிக்கு விளங்கவில்லை. அனைவரும் தோர்ப்பையே நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்க, அலெக்ஸ் அர்காசா என்பவர் மூன்று முறை எல்லைக்கோட்டைக் கடந்தார். குழுவின் கண்ணும் கருத்துமாக நின்று ஆட்டத்தை நடத்தியவர் கஸ் வெல்ச். ஜோ கையன் என்னும் இளைஞரிடம் திணறிய படைக் கல்லூரித் தலைவர், சினம் தாளாமல் அவரைத் தாக்கியதற்காகக் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். கார்லைல் மாணவர்கள் திருப்பித் தாக்கவில்லை. ஆட்டம் 27-6 எனக் கார்லைலுக்கு வெற்றியாக முடிந்தது.

வென்றவர்களும் சோர்வடைவர். அடுத்த வாரம் பிலடெல்பியாவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திடம் 34-26 எனக் கார்லைல் தோற்றது. அப்பருவத்தின் ஒரே தோல்வி அது. அதன் பின்னர் ஸ்பிரிங்ஃபீல்டில் 30-24 என்றும், நவம்பர் 28 இல் பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 32-0 என்றும் வென்று பருவத்தை முடித்தது. பன்னிரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. பெற்ற புள்ளிகள் 500-க்கும் மேல்.

கதை இங்கு முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். வரலாறு அங்ஙனம் முடிவதில்லை.

இரண்டு திங்கள் கழியுமுன், 1913 சனவரியில், தோர்ப் முன்பு வட கரோலினாவில் சிறு ஊதியம் பெற்றுப் பேஸ்பால் ஆடினார் என்று ஒரு செய்தித்தாள் எழுதியது. ஊதியம் பெற்று ஆடியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளுதல் அன்றைய விதிக்கு முரண். ஆட்சேபம் எதுவாயினும் பந்தயங்கள் முடிந்த 30 நாள்களுக்குள் எழுப்பப்பட வேண்டும் என்பதும் அதே விதிநூலில் இருந்த விதியே. அதனை எவரும் எடுத்துக் காட்டவில்லை. அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. பெயர் ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டது. அவரால் புகழும் பொருளும் ஈட்டிய எவரும் அவருக்காக வழக்காடவில்லை.

கார்லைலின் கதையும் அவ்வாறே முடிந்தது. கஸ் வெல்ச் முன்னின்று, இருநூற்றுக்கு மேற்பட்ட மாணவரின் கையொப்பத்துடன் விண்ணப்பம் ஒன்றை அரசுக்கு அனுப்பினார். 1914 இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வந்து விசாரித்தது. காற்பந்தால் திரண்ட நிதி முறையான கணக்கின்றித் தனியே கையாளப்பட்டதும், பயிற்சியாளர் மாணவரை இழிசொல்லால் வைததும் அவ்விசாரணையில் மாணவர் வாயாலேயே வெளிவந்தன. பள்ளித் தலைவர் பதவி இழந்தார். வார்னர் அவ்வாண்டுப் பருவத்தோடு விலகினார். 1918 இல் பள்ளியே மூடப்பட்டது. களத்தில் எந்நாளும் பிறர் வகுத்த விதிப்படி ஆடியே வென்ற மாணவர்கள், எழுத்திலும் அதே முறையில் முறையிட்டு வென்றனர் எனலாம். படைக் கல்லூரியை வென்றதற்குக் குறைந்த வெற்றியாக இதனை நாம் கருதவில்லை.

தோர்ப்புக்கு நீதி வந்தது, மிகத் தாமதமாக. 1950 இல் அமெரிக்கச் செய்தியாளர்கள் அவரை அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரராகத் தேர்ந்தெடுத்தனர். 1953 இல் வறுமையில் அவர் மறைந்தார். 1982 இல் சர்வதேச ஒலிம்பிக் குழு, அவரையும் வெற்றி பெற்றவருள் ஒருவராக ஏற்றது. தனி வெற்றியாளர் அவரே என்று அறிவித்தது 2022 சூலையில். போட்டி நடந்து 110 ஆண்டுகள் கழித்து! பழங்குடிப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிகளுக்காக 2024 அக்டோபரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு டிசம்பரில் கார்லைல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. 2017 முதல், அங்குப் புதைக்கப்பட்ட பிள்ளைகளின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு அவரவர் குலத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன.

பதக்கம் திரும்பி வந்தது. எலும்பும் திரும்பி வருகின்றது. ஆனால் மொழி? அங்கேதான் இவ்வரலாறு நம்மை நோக்கித் திரும்புகின்றது.

தோர்ப்பின் குலமொழியாகிய சாக் மொழியைத் தடையின்றிப் பேச வல்லவர் இன்று மிகச் சிலரே. முதியோர் சிலரிடமிருந்து இளைஞர் அதனைச் சொல் சொல்லாகக் கற்க முயன்று வருகின்றனர். இதில் ஒரு கொடிய முரணும் உண்டு. பள்ளிகளில் எந்த மொழிகளைப் பேசியதற்காகச் சிறுவர் தண்டிக்கப்பட்டனரோ, அம்மொழிகளைத்தான் அமெரிக்கப் படை போர்க்களத்தில் நாடியது. 1918 இல் பிரான்சு நாட்டுப் போர்முனையில் சாக்டா மொழி பேசும் வீரர்களும், இரண்டாம் உலகப் போரில் நவஹோ மொழி பேசும் வீரர்களும் தொலைபேசியிலும் வானொலியிலும் தம் மொழியில் செய்தி அனுப்பினர். பகைவரால் அதனை உணர இயலவில்லை. அம்மொழிகளைக் காத்தலும் வளர்த்தலும் மக்களின் உரிமை என்று அந்நாடு சட்டம் இயற்றியது 1990 இல்.

டெவானிமாவை மீண்டும் நினைவுகூர்வோம். பதக்கத்தோடு அவர் பெருநகரில் தங்கிவிடவில்லை. தம் மலையூருக்கே மீண்டார், ஆடு மேய்த்தார், பயிர் செய்தார், குலச் சடங்குகளில் பொறுப்பேற்றார், 1969 இல் மறையும்வரை ஹோப்பியாகவே வாழ்ந்தார். பள்ளி அவரை மாற்ற எண்ணியது; அவர் பள்ளியிடமிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்பர்களே! நம் நிலையை அவர்கள் நிலையோடு ஒப்பிடுவது நேர்மையாகாது. நம் நிலத்தை எவரும் பறித்துக்கொண்டு நம்மை இங்கு அனுப்பவில்லை. வேலை தேடி, விரும்பியே வந்தோம். இவ்வூரார் நம்மை அன்போடு ஏற்றனர். இவ்வூர் மொழியை நம் பிள்ளைகள் நன்கு கற்றிருப்பது நமக்குப் பெருமையே. நம் பிள்ளைகள் தமிழ் பேசினால் தண்டிப்பார் ஒருவரும் இல்லை. ஆயினும் நம் காலனியில் ஒவ்வொரு வீட்டிலும் நடப்பதை நாம் அறிவோம். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் பேசினால், பேரப்பிள்ளை ஒரு சொல்லில் விடை கூறிவிட்டுத் தாயிடம் கருவியை நீட்டுகிறது. பாட்டி சொல்வதைப் பேரனுக்கும் பேரன் சொல்வதைப் பாட்டிக்கும் தாய் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அங்கே தண்டனைக்கு அஞ்சி வாய் மூடினர். இங்கே நேரமில்லை என்று நாமே விட்டுவிடுகிறோம். காரணம் வேறு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் விளைவில் பெரிய வேறுபாடு இராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பில் இடம் நிறைய இருக்கிறது, பிள்ளைகள்தாம் குறைவு. ஓவியப் பயிற்சியும் கிரிக்கெட் பயிற்சியும் கணக்குப் பயிற்சியும் அதே நேரத்தில் அமைந்துவிடுவதாகப் பெற்றோர் கூறுகின்றனர். விளையாட்டை விடுங்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். இத்துணை நேரம் விளையாட்டின் பெருமையைப் பேசிவிட்டு அங்ஙனம் சொல்வது அழகன்று. வகுப்பின் நேரத்தைச் சங்கம் மாற்றியமைக்கட்டும். காலையில் திடலில் ஆடிவிட்டு, வியர்வையோடேயே பிள்ளைகள் வகுப்புக்கு வரட்டும். இரவு உணவின்போதாவது வீட்டில் தமிழ் பேசுவது என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ளட்டும். பிழையாகப் பேசினால் நகையாடாதீர். பேசப் பேசத் திருந்தும்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு பெற்றவர்களுக்கு நம் பாராட்டு. பெறாதவர்களுக்கும் நம் பாராட்டு. 1912 இல் 14 ஆட்டங்கள் ஆடிய அந்த இளைஞர்கள் களத்தில் வென்றதை இப்போது அறிந்துகொண்டீர்கள். அவர்கள் பெரிதும் விரும்பியும் பெற முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. தாயோடு தாயின் மொழியில் பேசுவதற்கு உங்களை எவரும் தடுக்கவில்லை. இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் பாட்டிக்குத் தொலைபேசியில் பேசி, எந்த ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தீர்கள் என்பதை நீங்களே தமிழில் சொல்லுங்கள்.